பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே சப்வூஃபர்: சீல்டா, போர்ட்டா?

கேள்வி: ஹாலில் 5 அங்குல வூஃபர் உள்ள இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், ஒரு ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி). மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அடி காதுக்குக் கேட்கிறது, ஆனால் கனம் வரவில்லை. எனக்குப் பாட்டுதான் முதலில், படம் எப்போதாவது. என்ன மாதிரி சப்வூஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) வாங்கலாம்?

பதில் 1: வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே, எத்தனை டெசிபல் (ஒலி அளவு) விலகலுக்குள் இறங்குகிறது என்று பாருங்கள்.

பதில் 2: பாட்டுதான் முதலில் என்றால் தயங்காமல் சீல்டு (முழுக்க மூடிய பெட்டி), 12 அங்குல வூஃபர். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி 20, 30 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக முழங்கும், வெடிச் சத்தத்துக்கு அருமை. ஆனால் அந்தத் துளையை ட்யூன் செய்த ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே சத்தம் சட்டென்று விழுந்துவிடும். சீல்டு மெதுவாகத்தான் இறங்கும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தானே, பாட்டுக்கு அந்த 20 ஹெர்ட்ஸ் முழக்கம் எதற்கு!

கேட்டவர்: நன்றி. மூலையில் வைக்கலாமா?

பதில் 2: மூலையில் சத்தம் கூடும், ஆனால் சில சுரங்கள் மட்டும் வீங்கிவிடும், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இடம் தேட, முதலில் சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் சோபா மேலேயே வையுங்கள். பேஸ் மேலும் கீழும் நடக்கிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாக விழுகிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். அப்புறம் ரிசீவரில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரிசீவரே பிரித்துவிடுவதால், பெட்டியின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழ் அதிகபட்ச ஹெர்ட்ஸில் இருக்கட்டும். பெட்டியின் ஃபேஸ் சுவிட்சை (ஸ்பீக்கரின் ஒலி அலையோடு சப்வூஃபரின் அலையைச் சேர்ப்பது) 0, 180 டிகிரி இரண்டிலும் மாற்றிப் பாருங்கள், எதில் தொப்பி அடி நிறைவாக வருகிறதோ அதுதான் சரி.