மைதானத்தில் சார்ஜ் போடக் கூடாதா? போன ஞாயிறு எரிந்த லைப்போ பேட்டரி பற்றி

சில்வர்பீச்_திண்ணை | திங்கள் இரவு 9.10

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் நாம் வழக்கமாக ரிமோட் கார் ஓட்டும் காலி மனையில், இரண்டாவது ரவுண்டு முடிந்த நேரம், சார்ஜ் மேசையில் இருந்த ஒரு 3எஸ் லைப்போ பேக் (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) உப்பி, சீறி, எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. சார்ஜர் உருகிவிட்டது. மேசை என் மாமனாருடையது, அந்தப் பஞ்சாயத்தை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு முதல் மைதானத்தில் சார்ஜ் கிடையாது. எல்லோரும் வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து ஓட்டுங்கள். மனைக்காரர் நம்மை இத்தனை நாள் விட்டுவைத்ததே பெரிது. இன்னொரு முறை புகை எழுந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார். ஆட்சேபம் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், எனக்குத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் புலம்ப வேண்டாம்.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | திங்கள் இரவு 9.32

ஆட்சேபம் இருக்கிறது. இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

நான் புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன். நீங்கள் சொல்வதுபோல் நாலு பேக்கையும் முழு சார்ஜில் வைத்துக்கொண்டு கிளம்பினால் அவை எங்கே இருக்கும்? சீட்டுக்கு அடியில். கீழே எஞ்சின் சூடு, மேலே கத்திரி வெயில். இப்போது பாதி சார்ஜில் கொண்டுவந்து, நிழலில் ஆறவிட்டு, பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் சார்ஜ் போடுகிறேன். எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள் அண்ணா. மூன்று வருடமாக ஓட்டுகிறேன், என் பேக் ஒன்றுகூட உப்பியதில்லை.

நிக்கல்_தாத்தா | திங்கள் இரவு 9.50

நான் அப்போதே சொன்னேன். ஆறு செல், 7.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பேரன் சோபாவுக்கு அடியில் மறந்துவிட்டுப் போனாலும் கிடக்கும். தீயும் இல்லை, தீ தாங்கும் பையும் இல்லை, இந்தச் சண்டையும் இல்லை.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | திங்கள் இரவு 9.53

தாத்தா, வேகமும் இல்லை.

புலியூர்_சோல்டர் | திங்கள் இரவு 10.20

வெயில் விஷயத்தில் லாஸ்பேட்டைத் தம்பி சொல்வது சரி. லைப்போ செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், சும்மா வைத்திருக்க வேண்டியது 3.8 சுமாரில். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகிறது. உப்புவது அதனால்தான். என் மேசைக்கு ரிப்பேருக்கு வரும் உப்பிய பேக்குகளில் பாதி, சனிக்கிழமை சார்ஜ் போட்டு, ஞாயிறு மழையால் ரேஸ் நின்று, அப்படியே இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தவை.

ஆனால் "பத்துப் பேர் பார்க்கும் இடம்" என்பது வேடிக்கை. பத்துப் பேரும் பார்ப்பது காரை. சார்ஜரை யார் பார்த்தார்கள்? நேற்று நான் வரவில்லை. எரிந்த பேக் யாருடையது, எத்தனை ஆம்பியர் வைத்திருந்தார், பேலன்ஸ் வயர் (செல்களைச் சமமாக ஏற்ற உதவும் வயர்) செருகியிருந்ததா, ஒருவர்கூடச் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் எதற்கு விதி?

மகன்_ஓட்டுகிறான் | செவ்வாய் காலை 6.40

நான் அதிகம் எழுதுவதில்லை. என் மகனுக்குப் பதினொரு வயது, ஞாயிறு காலை அவனைக் கூட்டிவருவது நான்தான். நேற்று முந்தினம் அவன் அந்த மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றான்.

"வீட்டில் சார்ஜ் போடுங்கள்" என்று எழுதியவர் வீட்டில் எத்தனை அறை? எங்கள் வீட்டில் இரண்டு. பிளக் பாயின்ட் இருக்கும் இடம் ஒன்று அடுப்படி, இன்னொன்று கட்டில் பக்கம். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அவன் அப்பா சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிப்போவார், எனக்குத் தெரியும். மைதானத்தில் எரிந்தால் தார்ப்பாயில் ஓட்டை. அடுப்படியில் எரிந்தால்? உங்கள் விதி தீயை அணைக்கவில்லை திண்ணை அண்ணா, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

சில்வர்பீச்_திண்ணை | செவ்வாய் காலை 8.05

அக்கா, சரி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனால் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. பிரிட்டனில் ரேஸ் நடத்தும் பிஆர்சிஏ விதியைப் படித்தேன். லைப்போவைத் தீ தாங்கும் பையில் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்கள்.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | செவ்வாய் காலை 8.11

அப்படியானால் அவர்கள் மைதானத்தில் சார்ஜ் போட விடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? நன்றி அண்ணா, என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நிக்கல்_தாத்தா | செவ்வாய் காலை 10.30

பை எதற்கு? பழைய முறுக்கு டின்னில் போட்டு மூடியை அழுத்திவிட்டால் ஆயிற்று.

புலியூர்_சோல்டர் | செவ்வாய் மதியம் 1.15

தாத்தா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எரியும் பேக் விடுகிற வாயு வெளியே போக வழியில்லாமல் இறுக மூடினால் டின்னே குண்டு. மூடி தளர்வாக இருக்க வேண்டும். என் கடையில் ஒரு அகன்ற மண்சட்டி வைத்திருக்கிறேன்: அடியில் உலர்ந்த ஆற்று மணல், நடுவில் பேக், பக்கத்தில் ஒரு சாக்குப்பை மணல் தயாராக. கடற்கரை மணலை அள்ளாதீர்கள். அதில் உப்பு ஈரம் இருக்கும், பேக்கின் கனெக்டர் பின்னில் பட்டால் அதுவே கரண்ட் கடத்தும்.

பை நெருப்பைக் கொஞ்ச நேரம் தடுக்கும். புகையைத் தடுக்காது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், நுரையீரலை அரிக்கும் சமாசாரம். சிப்காட் தொழிற்பேட்டைக் காற்றில் வளர்ந்த நமக்கு எந்த வாடையும் பழக்கம்தான் என்று அசட்டையாக நிற்க வேண்டாம். இன்னொன்று: நம் மனையில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், மதியம் கடல்காற்று எழுந்ததும் அப்படியே திரும்பும். மேசை நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்தால் பாதி நாள் புகை பிள்ளைகள் நிற்கும் பக்கம்தான் போகும்.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | செவ்வாய் மதியம் 1.40

ஞாயிறு அன்று ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடினார், நான்தான் தடுத்தேன். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்தார்களே.

புலியூர்_சோல்டர் | செவ்வாய் மதியம் 2.02

பள்ளியில் சொன்னது லித்திய உலோகம். நம் பேக்கில் லித்தியம் கிராஃபைட்டுக்குள்ளும் ஆக்சைடுக்குள்ளும் அயனியாகப் புகுந்திருக்கிறது, உலோகக் கட்டியாக இல்லை. நிறையத் தண்ணீர் ஊற்றினால் குளிரும், பக்கத்து செல்லுக்குப் பரவுவது நிற்கும். மணல் அணைக்காது, ஏனென்றால் சூடான கேதோடே (பேட்டரியின் நேர்முனை) ஆக்சிஜன் விடுகிறது. மணல் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். முதலில் சார்ஜருக்குக் கரண்ட் வரும் வயரைப் பிடுங்கிவிட்டு ஊற்ற வேண்டும். தடுத்தது தப்பு தம்பி.

கெடிலம்_கரை | செவ்வாய் இரவு 11.20

எரிந்தது என் பேக்தான். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், பயமாக இருந்தது. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறேன், வீட்டில் இன்னும் தெரியாது.

எல்லோரும் கேட்டதற்குப் பதில். 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி) பேக், 5 ஆம்பியரில்தான் வைத்தேன். பேலன்ஸ் வயர் செருகியிருந்தேன். பைக்குள் வைத்திருந்தேன். பையின் மடிப்பு ஓரம் வழியாகத்தான் தீ மேலே சீறியது. பக்கத்திலேயே நின்றேன். லைப்போ மோடு, மூன்று செல், இரண்டு தடவை பார்த்துத்தான் பட்டனை அமுக்கினேன். இதில் நான் என்ன தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

புலியூர்_சோல்டர் | செவ்வாய் இரவு 11.41

நீ செய்தது எல்லாம் சரி தம்பி. அதுதான் எனக்கு உதைக்கிறது. அந்த பேக் அதற்கு முன் எப்படி நடந்துகொண்டது? புதிதாக வாங்கினதா?

கெடிலம்_கரை | புதன் அதிகாலை 12.05

பழையது. பொங்கல் சமயம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாவது செல் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வரும், பேலன்ஸ் ஆக அரை மணி கூடுதலாகும். 3.8-இல் வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும், அது மட்டும் 3.6-க்கு வந்திருக்கும். சார்ஜ் முடிந்து தொட்டுப் பார்த்தால் ஒரு ஓரம் மட்டும் இளஞ்சூடு. பழைய பேக் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பக்கவாட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மார்க்கரில் 4 என்று எழுதியிருக்கும்.

புலியூர்_சோல்டர் | புதன் காலை 7.15

சும்மா வைத்திருக்கும்போதே ஒரு செல் மட்டும் இறங்குகிறது என்றால் அதற்குள்ளேயே சின்னதாக ஷார்ட் இருக்கிறது. அந்த பேக்கை யாரோ ஒரு காலத்தில் வற்ற விட்டிருக்கிறார்கள். விற்றவர் யார்?

கெடிலம்_கரை | புதன் காலை 7.50

அவர் இந்த இழையில் இருக்கிறார் அண்ணா. அவரே சொல்லட்டும்.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | புதன் இரவு 8.30

நான்தான். காலையிலேயே படித்தேன், எழுதக் கை வரவில்லை.

ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்ததே, அன்று எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வாசலில் முழங்கால் தண்ணீர், இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. ஒரு 12 வோல்ட் எல்இடி பட்டையை 4-ஆம் நம்பர் பேக்கில் நேராகக் கட்டி ஹாலில் தொங்கவிட்டேன். காரில் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் செல் இறங்கும்போது கட்ஆஃப் ஆகும், இதில் எதுவும் இல்லை. இரண்டு ராத்திரி எரிந்தது. மங்கிப்போனதும் யாரும் கழற்றவில்லை. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, அப்புறம்தான் ஞாபகம் வந்து பார்த்தேன். மொத்தம் 7.6 காட்டியது. மூன்றாவது செல் 1.2.

சார்ஜர் லைப்போ மோடில் ஏற்க மறுத்தது. இணையத்தில் எல்லோரும் சொல்லும் வித்தைதான், நிக்கல் மோடில் அரை ஆம்பியரில் பத்து நிமிடம் ஏற்றி, பிறகு லைப்போ மோடுக்கு மாற்றினேன். பிழைத்துக்கொண்டது. நாலைந்து முறை ஓட்டினேன், உப்பவில்லை, நன்றாகவே இழுத்தது. அதனால்தான் "என் பேக் உப்பியதில்லை" என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் தம்பியிடம் புயல் கதையைச் சொல்லவில்லை.

மகன்_ஓட்டுகிறான் | புதன் இரவு 8.44

விற்கும்போது சொல்லத் தோன்றவில்லையா, சொல்ல வேண்டாம் என்று தோன்றியதா?

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | புதன் இரவு 9.02

இரண்டாவதுதான் அக்கா. பணத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். உருகின சார்ஜருக்கும் சேர்த்து.

புலியூர்_சோல்டர் | புதன் இரவு 9.30

அந்த வித்தையைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன், இங்கே பலர் செய்கிறீர்கள். செல் அவ்வளவு கீழே போனால் ஆனோடின் (எதிர்முனையின்) செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கரைந்த இடத்துக்கே ஒழுங்காகப் போய் உட்காராது. ஊசிபோல எங்கெங்கோ படிந்து, நடுவில் இருக்கும் மெல்லிய பிரிப்பானைக் குத்தும். வெளியே ஒன்றும் தெரியாது, உப்பக்கூடத் தேவையில்லை. என்றைக்குக் குத்தும் என்று யாரும் சொல்ல முடியாது. சார்ஜர் "ஏற்க மாட்டேன்" என்று சொன்னால் அது அடம்பிடிப்பதில்லை.

நிக்கல்_தாத்தா | புதன் இரவு 9.41

நிக்கல் மோடு எங்களுக்காக வைத்தது. உங்கள் பேக்கை அதில் ஏன் சொருகுகிறீர்கள்?

சில்வர்பீச்_திண்ணை | வியாழன் காலை 8.20

சரி, தடையை எடுத்துவிடுகிறேன். மைதானத்தில் சார்ஜ் போடலாம். மேசை காலையில் கிழக்கு வேலியோரம், மதியம் மேற்கு ஓரம். தார்ப்பாய் கிடையாது, குடையும் சட்டியும் நான் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு பேக்கிலும் எப்போது வாங்கியது, யாரிடம் வாங்கியது என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். செல் செக்கரில் ஒரு செல் 3.3-க்குக் கீழே காட்டினால் அன்றைக்கு அந்த பேக் மேசைக்கு வராது.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட் | வியாழன் காலை 8.26

3.3 அதிகம் அண்ணா, ரேஸ் முடிந்த சூட்டில் எல்லாம் அங்கேதான் நிற்கும். அரை மணி ஆறவிட்டு அளந்தால் தானாக ஏறும். 3.0 போதும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

சில்வர்பீச்_திண்ணை | வியாழன் காலை 8.31

ஆறவிட்டு அளந்து 3.3. இதில் மாற்றம் இல்லை.

கெடிலம்_கரை | வியாழன் மாலை 5.10

என்னிடம் இன்னும் இரண்டு பழைய பேக் இருக்கிறது, ஒன்று லேசாக உப்பியிருக்கிறது. குப்பை வண்டியில் போட்டுவிடலாமா?

புலியூர்_சோல்டர் | வியாழன் மாலை 5.35

வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி மற்றக் குப்பையோடு கலக்காமல், சேகரிக்கிறவர்களிடம் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வண்டியில் நசுங்கினால் வண்டியே எரியும். குத்தாதே, வளைக்காதே. உப்புத் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம், கனெக்டர் பின் அரித்துத் தொடர்பு விட்டுப்போகும், சார்ஜ் உள்ளேயே இருக்கும். ஒரு 12 வோல்ட் 10 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு வாங்கி, வெட்டவெளியில் சட்டி மணல் மேல் வைத்து பேக்கில் கட்டிவிடு. முழுக்க அணைகிற வரை அப்படியே கிடக்கட்டும். அப்புறம் வயரை ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி என்னிடம் கொண்டுவா, சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

கெடிலம்_கரை | வியாழன் இரவு 9.55

ஆறரைக்குக் கட்டினேன், துளசி மாடத்துக்குப் பக்கத்தில். இன்னும் எரிகிறது அண்ணா. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, இது என்ன புது விளக்கு என்று கேட்டார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.