பொருள்: இன்வேசிவ் ஸ்பீஷீஸ், அவசரம்

லாஸ்பேட்டையிலிருந்து:
வணக்கம். ஹவாய்த் தீவுகளைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுநூல் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நேனே வாத்து இயற்கையாக வாழ்வது உலகில் அங்கே மட்டுமே. அடும்பு தானே கடலில் மிதந்துபோய் முளைத்தது, நம் வீராம்பட்டினம் மணலிலும் படர்ந்து கிடக்கிறது. சேம்பு, பாலினேசியர் படகில் கொண்டுபோனது. இவற்றுக்கு முறையே ஓரிட இனம், இயல் இனம், கொணர் இனம் என்று போட்டுவிட்டேன். ஆனால் கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க 1883இல் கொண்டுவந்த கீரி, எலியோடு நிற்காமல் நேனேயின் முட்டையையும் தின்கிறதே, இப்படி வெளியிலிருந்து வந்து பரவி அங்குள்ள உயிர்களைக் கெடுக்கும் 'இன்வேசிவ் ஸ்பீஷீஸ்' என்பதைத் தமிழில் என்னவென்பது? 'வந்தேறி' வேண்டாம், அது அரசியல் மேடைக்குப் போய்விட்ட சொல்.

கடலூர் முதுநகரிலிருந்து:
வம்பினம்! வம்பலர் என்றால் புதியவர். வம்ப வடுகர், வம்ப மோரியர் எல்லாம் அகநானூற்றில் இருக்கிறார்கள். இன்றைக்கு வம்பு என்றால் தொல்லை. புதிதாக வந்ததும் தொல்லை தருவதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது, இதைவிட என்ன வேண்டும்? கச்சுக்கும் வம்பு என்று பெயர் உண்டு, அது எப்படி வந்தது என்று தனியே எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து:
முதுநகர் ஐயா, தொல்காப்பியத்து உரியியலைப் பாருங்கள், 'வம்பு நிலையின்மை'. குறுந்தொகையில் காலமல்லாத காலத்தில் பெய்து, கார் வந்துவிட்டது என்று கொன்றையைப் பூக்கவைத்து ஏமாற்றிய வம்ப மாரி கொட்டிவிட்டுப் போய்விடும். கீரி எங்கே போயிற்று? அது நிலைத்துவிட்டதுதானே சிக்கல்! அடரினம் என்போம். அடர்தல் நெருங்குதல், தாக்குதல் இரண்டும். இன்னொன்று, எந்நிலத்துப் பூவும் புள்ளும் 'வந்த நிலத்தின் பயத்த ஆகும்', அதாவது வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியவை ஆகும் என்கிறார் தொல்காப்பியர். புழு தின்ன 1865இல் இந்தியாவிலிருந்து ஹவாய்க்குப் போன மைனாவை அவர் ஹவாய்ப் பறவை என்றே எழுதிக்கொள்வார்.

முதுநகர்:
அந்த நூற்பா பாட்டுக்கு ஐயா, காட்டுக்கு இல்லை.

பண்ருட்டியிலிருந்து:
நான் பாடம் நடத்துகிறவள். அடரினம் என்றால் அடர்ந்த காடு என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். ஆக்கிரமிப்பு என்றால் உடனே புரியும், ஏரி ஆக்கிரமிப்பைத் தினமும் செய்தித்தாளில் பார்க்கிறார்கள். வடசொல் என்று தள்ளினால், தீவும் வடசொல்தான், அதையும் தள்ளிவிட்டு ஆற்று நடுவே உள்ள திட்டைக் குறிக்கும் துருத்தி என்று போடுங்கள், நடுக்கடலில் ஆற்றிடைக்குறை! எனக்குக் கவலை வேறு. இங்கே எத்தனையோ வீட்டில் சவுக்குத் தோப்புதான் வருமானம். ஹவாய்க் கடற்கரையில் அதே சவுக்கு உதிர்க்கும் சருகு தரையை மூடி வேறு செடியை முளைக்கவிடாது. அதனால் எந்தச் சொல்லானாலும் சரி, 'ஹவாயில்' என்பதை விட்டுவிடாதீர்கள். வெறுமனே ஆக்கிரமிப்பு மரம் என்று எழுதினால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் தோப்பை வெட்டச் சொல்லும்.

வில்லியனூர்:
டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் துருத்தி அழகான சொல், கேலி வேண்டாம்.

லாஸ்பேட்டை:
அச்சகத்திலிருந்து இரண்டுமுறை கேட்டுவிட்டார்கள். 'ஹவாயில் ஆக்கிரமிப்பு இனம்' என்றே அனுப்புகிறேன், மூன்று பேர் தனிமடலில் அதைத்தான் சொன்னார்கள்.

வில்லியனூர்:
அனுப்புங்கள், ஆனால் பிரிக்காமல் ஆக்கிரமிப்பினம் என்று சேர்த்து எழுதுங்கள்.

முதுநகர்:
நான் வம்பினம் என்றுதான் எழுதுவேன். கச்சு விஷயம் நாளைக்கு.