அப்பா அம்மாவோடு சிங்கப்பூர், மலேசியா: பிரீபெய்டு சிம்மை என்ன செய்வது?

உறையூர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிறோம். அங்கே சித்தப்பா மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, பஸ்ஸிலேயே ஜொகூர் வழியாகக் கோலாலம்பூர், பத்துமலை, முடிந்தால் பினாங்கு. அவர்கள் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், அதனால் எதையும் கடைசி நேரத்துக்கு விட எனக்கு மனசில்லை.

மூன்று பேரிடமும் இருப்பது பிரீபெய்டு சிம்தான். என்னிடம் இரண்டு சிம் போடும் போன். அம்மாவிடம் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு, பெரியம்மாவிடம் தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசியே ஆக வேண்டும். அப்பாதான் சிக்கல். அவர் வைத்திருப்பது பழைய பட்டன் போன், பென்ஷன் கணக்குக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார், ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். நாங்கள் அங்கே இருக்கும்போதுதான் அவருடைய பிக்சட் டெபாசிட் ஒன்று முதிர்கிறது, நெட்பேங்கிங்கில் போய்ப் புதுப்பிக்க ஓடிபி கட்டாயம் வேண்டும்.

ஆபீஸில் ஒருவர் மூன்று பேருக்கும் ரோமிங் பேக் (இந்திய சிம்மையே வெளிநாட்டில் பயன்படுத்தும் திட்டம்) போட்டுவிடு என்கிறார். இன்னொருவர் இந்திய சிம்மையெல்லாம் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு அங்கே சிம் வாங்கிக்கொள் என்கிறார். சிம்மைக் கழற்றினால் ஓடிபி எப்படி வரும்? அங்கே வாங்கும் சிம் மலேசியாவிலும் எடுக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் வாசி

வணக்கம் சகோதரி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், இங்கே வேலை. முதலில் அப்பாவின் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் நிறைய பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, 2024-ல் 3ஜியையும் மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது 4ஜியும் 5ஜியும்தான். அப்பாவுடையது 2ஜி பட்டன் போன் என்றால் நீங்கள் எந்தப் பேக் போட்டாலும், எந்த சிம் போட்டாலும், சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் "நோ சர்வீஸ்" என்று நின்றுவிடும். சிம்மில் ஒரு குறையும் இருக்காது, அதைப் பிடிக்கப் போனுக்கு அலைதான் இருக்காது. கஸ்டமர் கேரில் பேசுகிறவர் சிம்மை மட்டும் பார்த்துவிட்டு ரோமிங் ஆன் ஆகித்தான் இருக்கிறது என்பார், வீட்டில் எல்லாருக்கும் தலை சுற்றும்.

அதனால் அப்பாவின் சிம்மை 4ஜி போன் ஒன்றில் போட்டுவிடுங்கள். பெட்டியில் 4ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, வேலை செய்கிற போனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்னல் காட்டும், கால் போகாது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று இருந்தாலே போதும். ஊரிலேயே சிம்மை மாற்றிப் போட்டு, ஒரு கால் பேசிப் பார்த்து, ஒரு ஓடிபியும் வரவழைத்துப் பார்த்துவிடுங்கள். அவர் கைக்குப் புதுப் போன் பழகவும் அவகாசம் கிடைக்கும்.

இன்னொரு வேலையும் அப்படியே முடித்துவிடுங்கள். அவர் போனில் நம்பர்களெல்லாம் முன்னால் 0 போட்டோ, ஒன்றுமே போடாமலோதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து அடித்தால் அது போகாது. முக்கியமான நம்பர்களை மட்டுமாவது +91 சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போதும் +91 நம்பர் வேலை செய்யும் என்பதால் திரும்பி வந்து மாற்ற வேண்டியதில்லை.

சிம் விஷயம். இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். அது போனிலேயே ஓடிபிக்காக இருக்கட்டும், ஆனால் அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். நெட்டுக்கு இங்கே டூரிஸ்ட் சிம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்று கம்பெனிகளிலும் உண்டு, 10, 15 வெள்ளியிலேயே (சிங்கப்பூர் டாலர்) ஒரு சின்னப் பயணத்துக்குத் தீராத டேட்டா தருவார்கள். சாங்கியில் பணம் மாற்றும் கவுண்டரிலேயே விற்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், ஸ்கேன் செய்துதான் தருவார்கள். ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்டு சிம் வரைதான் இங்கே அனுமதி. உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு ஒன்று போதும், அப்பாவின் போனுக்கு நெட் தேவைப்பட்டால் உங்கள் ஹாட்ஸ்பாட்.

அம்மா போனில் சிம் தட்டை ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். கார்டை எடுத்தால்தான் சிம் போக முடியும் என்றால், அதில் இருக்கும் போட்டோக்களை முன்பே வேறு எங்காவது ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் கடைக்காரர்

திருச்சியில் கடை வைத்திருக்கிறேன், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோடு வருவார்கள். மேலே சொன்னதெல்லாம் சரி. அதோடு இதையும் பாருங்கள்.

ரோமிங் என்பது பேக் மட்டும் இல்லை. முதலில் உங்கள் நம்பரில் இன்டர்நேஷனல் ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும். கம்பெனி ஆப்பில் போய்ப் பார்த்தால் ஆன், ஆஃப் பொத்தான் இருக்கும், இல்லையென்றால் கஸ்டமர் கேருக்குப் பேசுங்கள். இதை இந்தியாவில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அங்கே போன பிறகு ஆன் செய்யலாம் என்று விட்டால், ஆப் உள்ளே நுழையவே ஓடிபி கேட்கும், ஓடிபி வர ரோமிங் வேண்டும், ரோமிங் திறக்க ஆப் வேண்டும். ஏர்போர்ட்டில் உட்கார்ந்து மகனுக்கு வாட்ஸ்அப் கால் போட்டு அழாத குறையாகப் பேசியவர்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும்போது உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. வரும் காலை எடுத்தால் எடுத்தவர் கணக்கிலிருந்துதான் காசு போகும். அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு. இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: யுபிஐ ஆப்பைப் புதிதாக ஏற்றினாலோ சிம்மை எடுத்து வேறு போனில் போட்டாலோ, அது நம் கண்ணில் படாமல் நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கும். மெயின் பேலன்ஸ் இல்லாவிட்டால் அது போகாது, ஆப்பும் திறக்காது. அன்லிமிடெட் பிளான் போடுகிறவர்கள் மெயின் பேலன்ஸில் பத்துக்காசு வைத்திருக்க மாட்டார்கள். அதனால் சிம் மாற்றுகிற வேலை, யுபிஐ வேலை எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே முடித்துவிட்டு, அங்கே போய் அந்த ஆப்பை அழிக்கவோ மறுபடி ஏற்றவோ கூடாது.

பிளான் எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். நடுவில் முடிகிற மாதிரி இருந்தால் முன்கூட்டியே அடுத்த ரீசார்ஜும் போட்டுவிடுங்கள், பெரும்பாலும் வரிசையில் நின்று தானாக ஏறிக்கொள்ளும்.

பேக் போதும்

இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேலை விஷயமாக அடிக்கடி வெளியே போகிறவன் நான், பேக் போட்டுக்கொண்டு போவேன், இறங்கியதும் போனை ஆன் செய்வேன், முடிந்தது. கவுண்டரில் நிற்க வேண்டாம். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வழக்கமான நம்பருக்கே கூப்பிடுவார்கள், வாட்ஸ்அப் தெரியாத சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்களே. வயதானவர்களோடு போகும்போது கொஞ்சம் காசு அதிகமானாலும் நிம்மதிதான் முக்கியம்.

ஈசூன் வாசி

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒரே ஆள், மூன்று நாள் மீட்டிங் என்றால் நானும் பேக்தான் போடச் சொல்வேன். இங்கே மூன்று பேர், இரண்டு நாடு, அதற்கு மேல் அம்மாவின் வீடியோ கால். மூன்று பேக்கின் விலையையும் கூட்டிப் பாருங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு நம்பருக்கு, சகோதரியின் நம்பருக்கு மட்டும், சின்னப் பேக் போட்டுக்கொண்டு, அவசரம் என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடலாம். பேக்கில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறதா என்று நாடுகளின் பட்டியலைப் படித்துப் பாருங்கள், பேக் வாங்குவதற்கு முன்பு.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் உட்லண்ட்ஸ், செம்பவாங், கிராஞ்சி பக்கம் நின்றாலே நீரிணைக்கு அந்தப் பக்கத்து மலேசிய டவர் போனில் வந்துவிடும். நீங்கள் சிங்கப்பூரில்தான் நிற்பீர்கள், போன் மலேசியாவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு மட்டும் பேக் போட்டவர்களுக்கு அங்கேதான் காசு கரையும். சித்தப்பா மகள் வீடு வடக்குப் பக்கம் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, சிங்கப்பூர் கம்பெனி ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். ஜொகூருக்குப் பாலம் தாண்டும்போது மறக்காமல் தானியங்கிக்கே திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் ஜொகூரில் சிக்னலே வராது.

விமானத்திலும் ஏர்பிளேன் மோடை அணைக்க வேண்டாம். சில விமானங்களிலும் பல சொகுசுக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக ஒரு நெட்வொர்க் வரும், சாதாரண நாட்டுப் பேக்குகளில் அது அடங்காது, விலையும் மிக அதிகம்.

கிள்ளான் தமிழ்ச்செல்வி

வணக்கம் அக்கா, மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூர் டூரிஸ்ட் சிம்களில் பலவற்றுக்கு மலேசியாவில் பயன்படுத்தவும் தனியாகக் கொஞ்சம் டேட்டா கொடுப்பார்கள், வாங்கும்போதே எத்தனை ஜிபி என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் கோலாலம்பூர் என்றால் அதுவே போதும். பினாங்கு வரை போய் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தால் இங்கே ஒரு சிம் எடுத்துவிடுங்கள், நிம்மதி. ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யூமொபைல் என்று எதை எடுத்தாலும் பட்டணங்களில் நன்றாகவே எடுக்கும். இங்கேயும் பாஸ்போர்ட் இல்லாமல் சிம் பதிய மாட்டார்கள். இங்கேயும் 3ஜி 2021 கடைசியிலேயே மூடப்பட்டுவிட்டது, அதனால் ஐயாவுக்கு அந்த 4ஜி போன் இங்கேயும் உதவும்.

எல்லையில் எப்படி என்றால், உட்லண்ட்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி பாஸ்போர்ட் சோதனை முடித்து, மறுபடி ஏறி, பாலம் தாண்டி ஜொகூர் பக்கம் மறுபடி இறங்க வேண்டும். கூட்டம் இருந்தால் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்துபோவீர்கள். அந்த நேரத்தில்தான் போன் சிங்கப்பூர் நெட்வொர்க்கை விட்டுவிட்டு மலேசியா நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் கிடைக்காது. எங்கே சந்திப்பது என்று இறங்கும் முன்பே அப்பா அம்மாவிடம் பேசி வைத்துவிடுங்கள், பஸ் நம்பரை ஒரு தாளில் எழுதி இருவர் பையிலும் வையுங்கள். மலேசியா வருவதற்கு முன் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், சிங்கப்பூருக்கும் அதுபோல் ஒன்று உண்டு. இரண்டும் அரசாங்கத் தளத்தில் இலவசம், பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

டாக்சி கூப்பிட உதவும் கிராப் செயலியை ஊரிலேயே உங்கள் இந்திய நம்பரில் பதிந்துகொண்டு வாருங்கள். சிங்கப்பூரிலும் இங்கேயும் அதே கணக்குதான். ஓட்டுநரோடு செயலியிலேயே எழுதிப் பேசலாம். பத்துமலைக்கு மட்டும் கிராப் வேண்டாம், கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

ஜெர்மனிப் பாட்டியின் பேரன்

ஓடிபி பற்றி ஒரு வார்த்தை. பாட்டி மாதக்கணக்கில் இங்கே தங்குவார், அவருடைய சிம்மைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ரீசார்ஜ் தேதி தாண்டினால் முதலில் பேச முடியாது, சில நாளில் வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும், வங்கி அனுப்பும் ஓடிபி எங்கே போனது என்றே தெரியாது. 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லையென்றால் நம்பரையே எடுத்துக்கொள்ளக் கம்பெனிக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதியில் இடம் உண்டு. குறுகிய பயணத்துக்கு இந்தப் பயம் வேண்டாம், ஆனால் அதிக நாள் தங்க வைக்கும் எண்ணம் இருந்தால் ஊரில் ஒருவரிடம் ரீசார்ஜ் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

அப்பாவின் டெபிட் கார்டையும் கொண்டுவருவதாக இருந்தால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு தரும் கார்டுகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி அது மூடியேதான் வரும். திறக்கவும் ஓடிபி கேட்கும், அதனால் இதையும் ஊரிலேயே முடியுங்கள்.

உறையூர் மகள்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவின் போனைத் திருப்பிப் பார்த்தேன், 2ஜியேதான். என் பழைய ஸ்மார்ட்போனில் அவர் சிம்மைப் போட்டு வங்கியிலிருந்து ஓடிபி வரவழைத்துப் பார்த்தாயிற்று, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அவருக்கே பிடித்துவிட்டது. மூன்று நம்பரிலும் ரோமிங் திறந்தாயிற்று, சின்னப் பேக் என் நம்பருக்கு மட்டும். அம்மா போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான் இருக்கிறது, அந்த போட்டோக்களைத்தான் இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அம்மா போனில் சிங்கப்பூர் சிம் போட்டால் வாட்ஸ்அப் நம்பர் மாறிவிடுமா? பெரியம்மாவுக்குப் புது நம்பரைச் சேர்க்கத் தெரியாது.

ஈசூன் வாசி

மாறாது சகோதரி. புது சிம் போட்டதும் நம்பரை மாற்ற வேண்டுமா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள், இந்திய நம்பரிலேயே ஓடும். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா எந்த சிம்மில் என்ற இடத்தில் மட்டும் சிங்கப்பூர் சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக மற்ற சிம்முக்கு மாறும் வசதி சில போன்களில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். பெரியம்மாவுக்கு நேரத்தை மட்டும் சொல்லி வையுங்கள், இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். அவர் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அம்மாவுக்கு நள்ளிரவு.