பழைய 50 எம்எம் லென்ஸ் வாங்கினேன், மாட்டினா கேமரா படமே எடுக்க மாட்டேங்குது. அவசரம்!!

வைகைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது, சுத்தமா இருக்கு. வீட்டுக்கு வந்து மாட்டி பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல. கிளிக் சத்தம்கூட இல்ல. பழைய லென்ஸை மாட்டினா நல்லா எடுக்குது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்பு, அதுக்காகத்தான் வாங்கினதே. வித்த கடையில போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. லென்ஸ் போச்சா, கேமரா போச்சா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நிழல்விரும்பி
என்ன கேமரா?

கொள்ளிடம்
கான்டாக்ட்ல அழுக்குங்க. பழைய லென்ஸ்னா பெரும்பாலும் இதுதான். பின்பக்கம் தங்க நிறத்துல வரிசையா புள்ளி இருக்கும் பாருங்க, அதைப் பென்சில் ரப்பர் வச்சு லேசா தேய்ங்க. சரியாயிடும்.

செங்காந்தள்
ரப்பர் வேண்டாம் தம்பி. அந்தத் தூள் உள்ள விழுந்தா கண்ணாடியிலயும் படம் பதியுற சென்சார்லயும் போய் உக்காரும். துடைக்கணும்னா சுத்தமான மைக்ரோஃபைபர் துணி போதும். ஆனா முதல்ல கேமரா மாடல், லென்ஸ் மேல எழுதியிருக்கிற முழுப் பேர், திரையில ஏதாவது எச்சரிக்கை வருதா, இந்த மூணையும் சொல்லுங்க.

கொள்ளிடம்
நான் பல வருஷமா ரப்பர்லதான் தேய்க்கிறேன், ஒண்ணும் ஆனதில்ல.

பழைய ஷட்டர்
டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவர் என்ன ஊசி போடுவார்? கம்பெனி பேர் இல்ல, மாடல் இல்ல. மேனுவல்னு ஒரு புத்தகம் கேமரா டப்பாவுக்குள்ளயே வரும். அதைப் பிரிச்சுப் பாக்கிற வழக்கமே இப்ப யாருக்கும் இல்ல. ஃபிலிம் காலத்துல ஒரு ரோலுக்கு 36 படம். அதனால படிச்சுட்டுத்தான் பட்டனைத் தொடுவோம்.

நெய்தல்
ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள்ள ஓடுற மென்பொருள், அப்டேட் பண்ணீங்களா? நிக்கான் ஏஎஃப்-பி 18-55 வாங்கினப்ப எனக்கும் இதே தொல்லை. பழைய கேமரா பாடியில ஃபர்ம்வேர் ஏத்தின பிறகுதான் ஒழுங்கா வேலை செஞ்சது.

வைகைக்கரை
எல்லாருக்கும் நன்றி. நிக்கான்தான். கூட வந்த 18-55 லென்ஸ் நல்லா ஓடுது. துணியில துடைச்சுப் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. வ்யூஃபைண்டர்ல எஃப் ஈ ஈன்னு ஏதோ மின்னிட்டே இருக்கு. ஃபீஸ் கட்டச் சொல்லுது போல 😄 முக்கியமில்லன்னு நினைச்சு எழுதல.

செங்காந்தள்
அதுதான் தம்பி முக்கியமே! லென்ஸ் மேல "ஏஎஃப் நிக்கோர் 50 எம்எம் 1:1.8 டி"ன்னு இருக்கா? கேமராவை ஒட்டினாப்போல ஒரு வளையம் இருக்கும், 1.8, 2.8, 4, 5.6ன்னு எண் போட்டு. அது அப்பர்ச்சர் வளையம், ஒளி நுழையிற துளையோட அளவை மாத்துறது. கடைசியில 22 மட்டும் ஆரஞ்சு நிறத்துல இருக்கும். வளையத்தை அந்த 22க்குக் கொண்டு போங்க. பக்கத்துலயே நகம் அளவுக்கு ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதையும் தள்ளி விடுங்க. இப்ப வர்ற பாடிகள்ல அப்பர்ச்சரை கேமராவே மாத்திக்கும். வளையம் 22ல நிக்கலைன்னா அதால முடியாது, அதனால ஷட்டரையே பூட்டி வச்சிடும். லென்ஸும் போகல, கேமராவும் போகல.

22ல வச்சா எல்லாப் படமும் 22லயே விழுமோன்னு பயப்படாதீங்க. கேமராவுல நீங்க என்ன வைக்கிறீங்களோ அதுதான்.

மாடல் இன்னும் சொல்லலையே? கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு.

நிழல்விரும்பி
டி3000 இல்ல டி5000 வரிசைன்னா அடுத்த பஞ்சாயத்து காத்திருக்கு 😬

வைகைக்கரை
அக்கா தெய்வமே!! 22ல வச்சதும் கிளிக் விழுந்துச்சு. ஆனா இப்ப ஃபோகஸ் ஆகல. பட்டனைப் பாதி அமுக்கினா லென்ஸ்ல ஒரு அசைவும் இல்ல, எல்லாம் மங்கலா வருது. மாடல் டி5300.

கொள்ளிடம்
பாத்தீங்களா, கான்டாக்ட்தான். மறுபடி நல்லா தேய்ங்க.

கேனன் பாண்டி
இதுக்குத்தான் கேனன் வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிறேன். 1987ல வந்த முதல் ஈஓஎஸ் கேமராவுல இருந்தே மோட்டார் லென்ஸுக்குள்ளதான். அந்தக் காலத்து ஈஎஃப் லென்ஸை இன்னைக்கு எந்த ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆர்ல மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடும்.

பழைய ஷட்டர்
பாண்டி, அதே 1987ல அதுவரைக்கும் எஃப்டி லென்ஸ் வாங்கி வச்சிருந்தவங்களை நடுத்தெருவுல விட்டது யாரு? லென்ஸ் மாட்டுற மவுன்ட்டையே மாத்திட்டாங்க. நிக்கான் 1959ல போட்ட எஃப் மவுன்ட்டைக் கடைசி டிஎஸ்எல்ஆர் வரைக்கும் கைவிடல.

கேனன் பாண்டி
கைவிடாம என்ன பிரயோஜனம் அண்ணே? மாட்ட முடியுது, ஃபோகஸ் ஆகலையே. இந்த இழையே அதுக்கு சாட்சி.

செங்காந்தள்
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிச்சுக்கோங்க. அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

தம்பி, லென்ஸைக் கழட்டிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்க. ஓரத்துல ஸ்க்ரூ தலையில இருக்கிற மாதிரி ஒரு சின்னக் காடி தெரியும். உங்க லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது. பாடியில இருக்கிற மோட்டார் ஒரு முனையை நீட்டி, அந்தக் காடியில செருகி, திருகித் திருகித்தான் ஃபோகஸ் பண்ணும். டி90, டி7000, டி7200, டி750 மாதிரி பாடிகள்ல மவுன்ட் ஓரத்துல அந்த முனை நீட்டிட்டு இருக்கும். உங்க டி5300ல அந்த இடம் வெறும் வழவழன்னு இருக்கும். 2006ல வந்த டி40 தொடங்கி சின்ன பாடிகள்ல மோட்டாரை எடுத்துட்டாங்க, டி3000, டி5000 வரிசை முழுக்க அப்படித்தான். என்ன தேய்ச்சாலும் வராத மோட்டார் வராது.

கடையில உங்க பாடியில மாட்டிப் பாத்து வாங்கியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். "டி"க்குப் பதிலா "ஏஎஃப்-எஸ் 50 எம்எம் 1.8 ஜி"ன்னு எழுதியிருக்கிறதை வாங்கியிருக்கணும். அதுல மோட்டார் உள்ளயே உண்டு, அந்த அப்பர்ச்சர் வளையமும் கிடையாது.

நெய்தல்
பேசாம நிக்கான் இசட்50க்கு மாறிடுங்க. நடுவுல எஃப் மவுன்ட் லென்ஸை மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் எல்லாம் ஓடும்.

நிழல்விரும்பி
ஓடாது. எஃப்டிஇசட் அடாப்டர்லயும் அந்த மோட்டார் இல்ல. இதே டி லென்ஸை மாட்டினா அங்கயும் கையாலதான் ஃபோகஸ். ஒரு லென்ஸுக்காக கேமராவையே மாத்தச் சொல்றீங்க, மாத்தின பிறகும் அதே கதைதான்.

நெய்தல்
இசட்50 மாதிரி மிரர்லெஸ்ல, ஃபோகஸ் ஆன ஓரங்களைக் கலர்ல காட்டுற ஃபோகஸ் பீக்கிங் இருக்கே, மேனுவல் ஃபோகஸ் சுலபம். டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சுபோச்சுங்க.

பழைய ஷட்டர்
படம் நல்லா வர்றதுக்குக் கண்ணு வேணும், கைப்பழக்கம் வேணும். அது இல்லாதவன் எதை வாங்கினாலும் ஒண்ணுதான்.

நிழல்விரும்பி
உங்க கைப்பழக்கத்தை அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன் சார். மேனுவல் படிக்கலன்னு திட்டினதைத் தவிர நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல.

பழைய ஷட்டர்
சொல்றேன். தம்பி, வ்யூஃபைண்டர் கீழே இடது ஓரத்துல ஒரு பச்சைப் புள்ளி உண்டு. நடு ஃபோகஸ் புள்ளியைத் தேர்வு பண்ணி, தங்கச்சி கண்ணு மேல வச்சு, பட்டனைப் பாதி அமுக்கிப் பிடிச்சபடி லென்ஸ் வளையத்தை மெதுவா திருப்புங்க. புள்ளி மின்னாம நின்னா ஃபோகஸ் உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியலைன்னா மெனுவுல ரேஞ்ச்ஃபைண்டர்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணுங்க. எல்லாத்தையும் நாமளே வைக்கிற எம் மோடுல மட்டும் அது வராது, அப்பர்ச்சரை மட்டும் நாம வைக்கிற ஏ மோடுல வைங்க.

அப்பர்ச்சரை 1.8ல வச்சு எடுக்காதீங்க. அஞ்சடி தள்ளி முகத்தை எடுத்தா 1.8ல தெளிவா இருக்கிற ஆழம் சுமார் ரெண்டரை இஞ்சுதான், அவங்க லேசா முன்னால சாஞ்சாலே கண்ணு போயிடும். 2.8 வச்சா நாலு இஞ்ச் கிடைக்கும். சென்சாரோட ஒளி உணர்திறன், அதான் ஐஎஸ்ஓ, அதை 1600 வரைக்கும் தாராளமா ஏத்துங்க.

செங்காந்தள்
இது நல்ல யோசனை. இன்னொண்ணு. வளைகாப்பு முழுசையும் 50லயே எடுத்துடலாம்னு நினைக்காதீங்க. டி5300 சென்சார் சின்னது, பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம்ல 75 எம்எம் போட்டா எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இதுல 50க்குத் தெரியும். பத்தடி தள்ளி நின்னா அகலவாட்டுல நாலே முக்கால் அடிக்கு மேல அடங்காது. மனையில உக்காந்த பொண்ணு, ரெண்டு பக்கமும் வளையல் போடுற அத்தைங்க, முன்னால சீர்த்தட்டு வரிசை, இதெல்லாம் ஹால்ல பின்னால போக இடம் இல்லாம வெட்டுப்பட்டுடும். கூட்டத்துக்கு உங்க 18-55தான், 18ல பத்தடிக்குப் பதிமூணு அடி அகலம் வரும். கன்னத்துல சந்தனம் பூசும்போது முகம், வளையல் ஏறுற கை, இதுக்கு மட்டும் 50 போடுங்க. வளையல் போடும்போது கை சும்மா இருக்காது, ஷட்டர் வேகம் 1/125 செகண்டுக்குக் கீழ இறங்காம பாத்துக்கோங்க.

அப்புறம் எப்பவாவது லென்ஸ் மாத்துற யோசனை வந்தா, வீட்டு விசேஷத்துக்கு 50ஐவிட ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் 1.8 ஜி உங்க பாடிக்குப் பொருத்தம். பத்தடிக்கு ஆறே முக்கால் அடி கிடைக்கும், ஆட்டோஃபோகஸும் ஓடும்.

கேனன் பாண்டி
எங்க கேனன் 50 எஸ்டிஎம் லென்ஸ்ல இந்த வளையம், பூட்டு, பச்சைப் புள்ளி எதுவும் வேணாம். சும்மா சொல்லிட்டுப் போறேன்.

பழைய ஷட்டர்
சும்மாவே போங்க.

வைகைக்கரை
விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது. பச்சைப் புள்ளி வச்சு எடுத்ததுல பாதிக்கு மேல தேறிச்சு, அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மத்தது 18-55. கடையில திருப்பி எடுக்க மாட்டாங்களாம். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ஸ்பெஷலா.

நிழல்விரும்பி
ஒண்ணு ரெண்டு படம் போடுங்க, பாப்போம்.

கொள்ளிடம்
தம்பி, என்கிட்ட டி7200 இருக்கு, அதுல மோட்டார் உண்டு. அந்த 50 டியைக் குடுக்கிறதா இருந்தா விலை சொல்லுங்க. கான்டாக்டை நானே தேய்ச்சுக்கிறேன்.