லெவல்வைண்ட் இடது ஓரத்தில் போய் நின்றுவிடுகிறது: பழைய அம்பாசடர் 5000 ரீல், உதவி தேவை

கேள்வி

வணக்கம். பழைய தூண்டில் சாமான்கள் ஒரு பெட்டியாகக் கைக்கு வந்தன. அதில் ஆபு நிறுவனத்தின் சிவப்பு நிற அம்பாசடர் 5000 ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. அடித்தகட்டில் 720300 என்று எண் அடித்திருக்கிறார்கள். ரொம்ப வருஷமாக யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

ஹேண்டில் சுற்றுகிறது, ஆனால் பிசினுக்குள் சுற்றுவது போல இறுக்கம். நரம்பு (தூண்டில் இழை) சீராகச் சுற்றும்படி அதை இங்குமங்கும் வழிநடத்தும் லெவல்வைண்ட் வலமிருந்து இடம் ஒழுங்காக வருகிறது. இடது ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பலமாகச் சுற்றினால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் நகர்ந்து மறுபடி அங்கேயே நிற்கிறது. நரம்பு முழுக்க இடப்பக்கம் குவிகிறது. பட்டனை அழுத்தினாலும் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) தாராளமாக ஓடுவதில்லை. ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வேறு.

மொத்தமாகக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுவிடலாமா? டபிள்யூடி-40 அடித்தால் போதுமா? பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கவும் ஆசை.

பதில் 1

தம்பி, வினிகர் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். நீங்கள் சொன்னவை ஒரே கோளாறு அல்ல, இரண்டு மூன்று கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எதைத் தொட வேண்டும் என்று தெரியும்.

ஸ்பூல் ஓடாததற்கு முதல் சந்தேகம் பக்கவாட்டு மூடி. ஸ்பூல் அச்சை இறுக்கும் அந்தச் சின்ன மூடியை யாராவது முழுக்கத் திருகி வைத்திருந்தால் பட்டன் அழுத்தியும் பயன் இல்லை. அதைத் தளர்த்திப் பாருங்கள்.

அடுத்து, ஹேண்டில் பக்கம் கையாலேயே திருகும் மூன்று ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் அந்தப் பக்கத் தகடு கியரோடு தனியாக வந்துவிடும். ஸ்பூலும் கையில் வரும். தகட்டைத் தனியாகப் பிடித்து ஹேண்டிலைச் சுற்றுங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கியர் பக்கம், பெரும்பாலும் காய்ந்த கிரீஸ். இலகுவாகச் சுற்றினால் இறுக்கம் லெவல்வைண்ட் பக்கத்திலிருந்து வருகிறது. 5000-இல் லெவல்வைண்டை ஓட்டுவது ஸ்பூல்தான். வீசும்போதும் அது இங்குமங்கும் நகரும். அதனால் அங்கே பிடித்தால் ஸ்பூலையும் பிடித்து நிறுத்தும்.

இடது ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் எனக்கு ஏறக்குறைய நிச்சயம்: நாக்கு. நரம்பு வழிகாட்டிக்கு அடியில் ஒரு சின்ன மூடி நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் பிறை வடிவ முனையோடு ஒரு குட்டி உலோகத் துண்டு விழும். கீழே துணி விரித்துவிட்டுக் கழற்றுங்கள். அந்த முனை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பதில் 2

நான் சேகரிக்கிற ஆள், அதனால் என் கவலை வேறு. பாலிஷ் வேண்டவே வேண்டாம். பக்கத் தகடுகள் அலுமினியம், சிவப்பு நிறம் அனோடைஸ் (மின்சாரம் கொண்டு உலோகத்தின் மேல் உண்டாக்கும் படலம்) செய்த மேற்பூச்சு. உலோகப் பாலிஷ் அதைச் சுரண்டும், காரமான சோப்புக் கரைசல் நிறத்தையே கொண்டுபோய்விடும். ரீலின் சட்டம் (ஃபிரேம்) குரோம் பூசிய பித்தளை. களிம்பு வந்த இடத்தில் குரோம் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கும். அங்கே அமிலம் பட்டால் ஓட்டை பெரிதாகும். மரக்குச்சி முனையில் எண்ணெய் தொட்டுக் களிம்பை மட்டும் சுரண்டி எடுங்கள்.

எண்ணைப் பற்றி: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். உங்களுடையது 1972 மார்ச். இந்த 5000 வகை 1952-இல் ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் வெளிவந்தது. ஆபு நிறுவனத்தின் முழுப்பெயரிலேயே 'கடிகாரத் தொழிற்சாலை' என்ற பொருள் இருக்கிறது. 1921-இல் தொடங்கியபோது அவர்கள் ரீல் செய்யவில்லை. உள்ளே இருக்கும் பாகங்களின் நுணுக்கத்தைப் பார்த்தால் அந்தக் கை தெரியும். தோல் உறை, சின்னச் சாவி ஏதாவது அந்தப் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா, இருவருக்கும். பக்கவாட்டு மூடி உண்மையிலேயே இறுக்கமாகத்தான் இருந்தது. தளர்த்தியதும் ஸ்பூல் கொஞ்சம் ஓடுகிறது. தகட்டைத் தனியாக எடுத்துச் சுற்றினேன், இறுக்கம் அப்படியே இருக்கிறது. உள்ளே கிரீஸ் பழுப்பு மெழுகாக உறைந்திருக்கிறது. நாக்கின் முனை ஒரு பக்கம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அது ஓடும் தண்டைச் சுற்றியுள்ள குழாயில் மணலும் கறுப்பு அழுக்கும். இடப்பக்கத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்கிறது. முன்பு யாரோ தவறான திருப்புளி போட்டுப் பள்ளத்தைச் சிதைத்திருக்கிறார்கள். நாக்கை அரம் வைத்துக் கூராக்கலாமா?

பதில் 3

சிதைந்த ஸ்க்ரூவுக்கு நேரம் வீணாக்காமல் துளை போட்டு எடுத்துவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

பதில் 1

துளை போடுவது கடைசி வழி. பித்தளையில் டிரில் கொஞ்சம் விலகினாலும் மரையும் சேர்ந்து போகும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்திருங்கள். டபிள்யூடி-40 இதற்குப் பரவாயில்லை. அதன் பெயரிலேயே இருப்பது ஈரத்தை விரட்டும் வேலை, அதைப் போட்டுவிட்டு ரீலுக்கு எண்ணெய் விட்டாயிற்று என்று நினைக்காதீர்கள். மறுநாள் சால்டரிங் அயர்னின் சூடான முனையை ஸ்க்ரூவின் தலையில் கொஞ்ச நேரம் வையுங்கள். சூடு அங்கே மட்டும் போகும், பூச்சு தப்பிக்கும். அப்புறம் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் திருப்புளியால் முதலில் லேசாக இறுக்குகிற திசையில் ஒரு அசைவு கொடுங்கள். பிடி விட்டதும் எதிர்த்திசை. ஆப்பு வடிவத் திருப்புளி மேலே ஏறி வழுக்கும், பக்கச்சுவர் இணையாகத் தேய்த்த முனை தேவை.

நாக்கை அரம் போடாதீர்கள். அந்தத் தண்டில் இரண்டு திருகுப் பள்ளங்கள் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. ஓரத்தில் நாக்கு தானாகத் திரும்பி ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்கு மாற வேண்டும். முனை மொட்டையானால், இல்லை அந்தத் திருப்பத்தில் மணல் அடைத்தால், திரும்பாமல் முட்டி நிற்கும். நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். அரம் போட்டால் நீளமும் குறையும், முட்டுவது இன்னும் அதிகமாகும். புதிய நாக்கு கிடைக்கிறது. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

புதியதைப் போடும் முன் தண்டைக் குழாயிலிருந்து உருவி, பள்ளங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் நகத்தை ஓட்டுங்கள். பிசிர் தட்டினால் புது நாக்கையும் அது சீக்கிரம் தின்றுவிடும், தண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். வழவழப்பாக இருந்தால் அதிர்ஷ்டம். நாக்கைப் போட்டு மூடி நட்டை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. ஹேண்டிலை மெல்லச் சுற்றிக்கொண்டே திருகினால் முனை தானாகப் பள்ளத்தில் உட்காரும்.

கியரை மண்ணெண்ணெயில் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக் கழுவலாம். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுப் பிடிக்கும் அமைப்பு) வாஷர்களை மட்டும் அதில் நனைக்க வேண்டாம். கழற்றும் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உலோக வாஷரும் மற்றதும் மாறிப் போனால் டிராக் பிடிக்காது. திரும்பப் பூட்டும்போது கியர்ப் பல்லில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், அவ்வளவுதான். தண்டுக்கு கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைக்கும். இலேசான எண்ணெய் போதும்.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். ஸ்பூல் ஓரத்தில் இரண்டு குட்டி பிரேக் கட்டைகள் இருக்கும். ஸ்பூல் வேகமெடுக்கும்போது அவை வெளியே தள்ளப்பட்டு உரசும், நரம்பு சிக்காமல் காப்பவை அவைதான். அவற்றில் எண்ணெய் படவே கூடாது.

கேட்டவர்

ஸ்க்ரூ வந்துவிட்டது! சூடுதான் வேலை செய்தது. தண்டு வழவழப்பாக இருந்தது, புது நாக்கு போட்டேன், லெவல்வைண்ட் இரண்டு ஓரத்திலும் தடையில்லாமல் திரும்புகிறது. களிம்பை மட்டும் எடுத்தேன், பாலிஷ் போடவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: ஸ்பூலை வேகமாகச் சுழற்றினால் மெல்லிய கீச்சொலி வருகிறது.

பதில் 1

5000-இல் பால் பேரிங் கிடையாது, அது 5000சி மாடலில்தான். உங்களுடையதில் ஸ்பூல் அச்சு உலோக புஷ்ஷில் (குண்டுகள் இல்லாத வளையத் தாங்கி) சுழல்கிறது. கழுவியதில் அது காய்ந்திருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பக்கவாட்டு மூடிக்கு உள்ளேயும் ஒன்று. அதன் பிறகும் கீச்சினால் ஸ்பூல் அச்சின் முனையைப் படம் எடுத்துப் போடுங்கள், தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.