ராக்கிராக்கி ஆலையை மூடியது புயலா?

கங்காணி பேரன் (சுங்கை சிப்புட்): நம் வட்டாரக் குழுவில் ஒருவர், "பிஜியின் கரும்புத் தமிழர்கள் நிலத்தை விட்டுப் போனதற்கு வின்ஸ்டன் புயல்தான் காரணம், இயற்கையை யாரால் தடுக்க முடியும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. 2016 பிப்ரவரி 20-ல் புயல் அடித்தது, பிஜியின் ராக்கிராக்கி ஊரில் 'பினாங்கு' என்ற பெயருள்ள சர்க்கரை ஆலை சிதைந்தது, எல்லாம் சரி. பழுது பார்க்காமல் அப்படியே மூடியது யார்? காற்றா வந்து கையெழுத்துப் போட்டது?

செம்பனை: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். மணிக்கு 280 கிலோமீட்டர் காற்று, 44 உயிர், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத நட்டம். அவ்வளவு சின்ன நாடு, எந்த ஆலையைக் காப்பாற்றும்?

கங்காணி பேரன்: பிஜியின் மற்ற மூன்று ஆலைகளை, லௌத்தோக்கா, ரராவாய், லம்பாசாவை, காப்பாற்றத் தெரிந்ததே! இதை மட்டும் ஏன் விட்டார்கள்? இப்போது ராக்கிராக்கிக் கரும்பு லாரியில் பா நகரத்து ரராவாய் ஆலை வரை போகிறது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் சத்து இறங்கிவிடும், அந்த நட்டம் விவசாயிக்கு.

லூனாஸ் தம்பி: அண்ணே, புயலை விடுங்கள். அங்கே பெரும்பாலான கரும்பு நிலம் பழங்குடி மக்களுடையது, நம்மவர்கள் 30 வருடக் குத்தகையில் பயிர் செய்தவர்கள். 1997-லிருந்தே குத்தகைகள் முடிய ஆரம்பித்துவிட்டன. வின்ஸ்டனுக்கு முன்பே பலர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

கங்காணி பேரன்: தம்பி, நான் கேட்பது ஆலையைப் பற்றி.

செம்பனை: ஆலை, ஆலை, ஆலை! 2012-ல் ஜனவரியிலும் மார்ச்சிலும் பிஜியின் நாடி நகரம் மூழ்கியதே, அந்த வெள்ளத்தையும் ஆலை முதலாளி கொண்டுவந்தாரா? ஆலையை நடத்திய நிறுவனத்தில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது, அதுவாவது தெரியுமா?

கங்காணி பேரன்: தெரியும். அரசாங்கம் என்றால் இன்னும் மோசம். 1903-லிருந்து சென்னையில் கப்பலேற்றிக் கொண்டுபோன கூலிகளின் பிள்ளைகள் நம்பியிருந்த ஆலை அது. நம் மலேசியாவையே பாருங்கள். வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுத் துண்டாடினபோது எந்தப் புயல் அடித்தது? ஒன்றும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதனால்தான் 1960-ல் நம் ஊர்க்காரர், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். பிஜியில் சாக்குச் சொல்ல ஒரு புயல் கிடைத்தது.

மாரியம்மன் தெரு ராணி: சம்பந்தன் பெயரை எடுக்கிறவர்கள் அவர் மாதிரி கொஞ்சம் பொறுமையாகப் பேசினால் என்ன? நாம் புயல் வராத ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு சத்தம் எதற்கு?

லூனாஸ் தம்பி: அக்கா, புயல் வராதா? 1996 டிசம்பரில் கிரெக் என்ற வெப்பமண்டலப் புயல் நம் நாட்டுச் சபா மாநிலத்தில் கெனிங்காவ் பக்கம் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2021 வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் யார்?

மாரியம்மன் தெரு ராணி: சபா வேறு, நம் ஊர் வேறு. எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே தம்பி.

கங்காணி பேரன்: இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பழுது பார்க்காதது யார்?

செம்பனை: பதில் வேண்டுமா? போன வெள்ளத்துக்கு அரிசி கொடுக்கப் பட்டியல் போட்டபோது ஆற்றோர வீடுகளை விட்டது யார்? என் அம்மா பெயர் அதில் இல்லை. பக்கத்துத் தெருவில் நடந்ததற்கு நீங்கள் வாயே திறக்கவில்லை. பிஜிக்கு மட்டும் கொதிக்கிறீர்கள்.

கங்காணி பேரன்: பட்டியல் போட்டவர்களைப் போய்க் கேளுங்கள், நான் அந்தக் குழுவிலேயே இல்லை. விஷயத்தைத் திருப்பாதீர்கள்.

செம்பனை: குழுவில் இல்லையா? அரிசி மூட்டையோடு படத்தில் நின்றது யார்? இங்கேயே போடட்டுமா?

கங்காணி பேரன்: போடுங்கள். மூட்டை தூக்க வந்தேன், அதற்கும் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?