மீகடத்தி வில்லையில் பச்சைத் திட்டு: நிறுவை பிழையா?

கேள்வி (வந்தாறுமூலை): மீகடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள்) வில்லை செய்ய எடுத்தது: இற்றியம் ஒட்சைட்டு 1.129 கிராம், பேரியம் காபனேற்று 3.947, செப்பு ஒட்சைட்டு 2.386. ஒருதரம் அரைத்து, 1020 பாகை செல்சியசில் 12 மணித்தியாலம் சுட்டது. கறுப்பு வில்லையில் பச்சைத் திட்டுகள். திரவ நைதரசனில் காந்தம் மிதக்கவேயில்லை.

பதில் (சம்மாந்துறை): நிறுவை சரி தம்பி, மூல் விகிதம் 1:4:6. சூடுதான் கூடிப்போச்சு. 1000 தாண்டினால் 123 கட்டம் (இற்றியம், பேரியம், செம்பு 1:2:3 உள்ள, மீகடத்தும் கறுப்புச் சேர்வை) உடைந்து, மீகடத்தாத பச்சை 211 கட்டமும் (அதே மூன்றும் 2:1:1) செம்பு கூடிய உருகலும் வரும். 1987இல் 90 கெல்வினுக்கு மேலும் மீகடத்திய முதல் மாதிரியும் பச்சையும் கறுப்பும் கலந்ததுதான். 940இல் 12 மணித்தியாலம் சுட்டு, ஆறவிட்டு, திரும்ப நல்லா அரையுங்க. இப்படி மூன்று தரம். அரைப்பில் சோம்பினால் காபனேற்று மிஞ்சும்.

பதில் (கல்லடி): கறுப்பானாலும் போதாது. கடைசிச் சூட்டுக்குப் பிறகு ஒட்சிசன் ஓட்டத்தில் மெதுவாக இறக்கி, 450இல் பல மணித்தியாலம் வையுங்க. 123 சூத்திரத்தில் ஒட்சிசன் அணு எண்ணிக்கை 7க்குக் கிட்ட ஏறினால்தான் 92 கெல்வினில் மீகடத்தும், 6.3 அளவில் நின்றால் வெறும் கறுப்புக் கல்.

கேள்வியாளர்: புடக்குகை அலுமினா, பரவாயில்லையா நானா?

சம்மாந்துறை: அடியில் அதே தூளைப் பரப்பி வில்லையை வையுங்க. நேரே தொட்டால் அலுமினியம் ஊறும். மாரிக் காற்றின் ஈரமும் இதைத் தின்னும். சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்க.